மயக்கத்துக்குக் காவல்

கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். அதற்குள் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. வாய் வழியே அதன் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ரப்பர் குழாய் மட்டும் தண்ணீருக்கு வெளியே நீண்டிருக்கிறது. சுற்றி நின்று பார்ப்பவர்கள் எல்லாரும் மருத்துவர்கள். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே எடுத்து மயக்கம் தெளிந்ததும் எழுந்து உடம்பை உதறிக்கொள்கிறது. 1920-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஆர்தர் கெடல் என்ற மயக்க மருந்து நிபுணர் நடத்திக் காட்டிய செய்முறை இது. நாய் அவருடைய சொந்த நாய். பெயர் ஏர்வே.

குழாயின் நுனியருகே சின்ன ரப்பர் பை ஒன்று சுற்றியிருந்தது. குழாய் உள்ளே போனபின் அந்தப் பைக்குள் காற்றடைத்தால் அது உப்பி மூச்சுக்குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தண்ணீரோ, இரத்தமோ, வயிற்றிலிருந்து மேலேறி வரும் உணவோ பக்கவாட்டில் கசிந்து நுரையீரலுக்குள் இறங்க வழியில்லை. இதற்காக ரப்பர் கையுறையின் விரல்களைக்கூட வெட்டி ஒட்டிப் பார்த்தவர் கெடல். இன்று ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் "ட்யூப் போட்டிருக்காங்க" என்று சொல்கிறார்களே, அந்த ட்யூப் இந்த வழியில் வந்ததுதான்.

இந்த வேலையில் கெடலுக்குக் கூட்டாளி ரால்ஃப் வாட்டர்ஸ். 1928-ல் குழாயைப் பற்றிய கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது. ஏர்வே கடைசியில் வாட்டர்ஸ் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. வாட்டர்ஸ் அப்போது விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், பல்கலைக்கழக மருத்துவமனையில், அதற்குமுன் எங்கும் இல்லாத ஒன்றைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். நோயாளியின் தலைமாட்டில் நிற்பதும், அதை இளைய மருத்துவருக்குக் கற்றுத்தருவதும், அங்கே எழும் சந்தேகத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் மயக்கவியல் பிரிவு அது.

ஈத்தர் மயக்கம் பாஸ்டனில் எல்லார் கண்முன்னும் நிரூபிக்கப்பட்டது 1846 அக்டோபர் 16 அன்று. வாட்டர்ஸ் மேடிசனுக்கு வந்தது 1927-ல். இடையிலிருந்த எண்பது ஆண்டுகளில் அறுவை சிகிச்சை எங்கோ போய்விட்டது. வயிற்றைத் திறந்தார்கள், மூளையைத் தொட்டார்கள். மயக்கம் கொடுப்பது மட்டும் பெரும்பாலும் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் வேலையாகவே இருந்தது. சில மருத்துவமனைகளில் நர்ஸ்கள் இதில் பெரிய திறமை பெற்றிருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால், ஈத்தர் ஏன் ஒருவரைக் காக்கிறது, இன்னொருவரை ஏன் கொல்கிறது என்று முறையாகக் கேட்டுத் தேட ஓர் இடம் இல்லை.

வாட்டர்ஸ் அயோவா மாநிலத்து சூ சிட்டியில் பொது மருத்துவராகத் தொடங்கியவர். மயக்கம் கொடுப்பதை முழுநேரத் தொழிலாகச் செய்யும் மருத்துவர் ஏன் வேண்டும் என்று 1919-லேயே கட்டுரை எழுதியவர். அவரை மேடிசனுக்கு அழைத்தவர் எர்வின் ஷ்மிட் என்ற அறுவை நிபுணர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கத்தி பிடிக்கிற ஒருவர், தலைமாட்டில் தனக்குச் சமமான ஒருவர் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1933-ல் வாட்டர்ஸ் அமெரிக்காவின் முதல் மயக்கவியல் பேராசிரியர் ஆனார்.

அவர் கையோடு கொண்டுவந்த ஒரு பொருள் தகர டப்பா போன்ற எளிய கருவி. படுத்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 200 மில்லி கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. மயக்க வாயுவை உடம்பு எரிப்பதில்லை. உள்ளே போன வாயுவில் பெரும்பகுதி மூச்சோடு திரும்பி வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் அப்படித் திரும்பி வந்ததெல்லாம் அறைக்குள் கலந்து வீணாகிக்கொண்டிருந்தது. கரியமில வாயுவை மட்டும் பிடித்து நிறுத்தி, செலவான ஆக்சிஜனை ஈடுகட்டினால், மீதியை நோயாளி மறுபடி மறுபடி மூச்சிழுக்கலாம் அல்லவா? டென்னிஸ் ஜாக்சன் என்ற மருந்தியலாளர் 1915-ல் நாய்களை வைத்து இதைச் செய்து காட்டியிருந்தார். வாட்டர்ஸ் அதை மனிதருக்கு ஏற்றபடி சுருக்கினார். முகத்து மாஸ்குக்கும் மூச்சுப் பைக்கும் நடுவே ஓர் உலோகக் குப்பி. அதற்குள் சோடா லைம் எனும் சுண்ணாம்புக் குருணைகள். மூச்சு அதன் வழியாகவே போய் அதன் வழியாகவே திரும்பி வரும்.

சோடா லைமில் பெரும்பகுதி நீற்றிய சுண்ணாம்புதான். சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு நாளடைவில் கெட்டிப்படுகிறதே, அதே மாற்றம் இந்தக் குப்பிக்குள் நிமிடக் கணக்கில் நடக்கிறது. சூடும் ஈரமும் உண்டாகின்றன. குப்பியைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும். இன்றைய மயக்க இயந்திரங்களிலும் இந்தக் குருணைகள் இருக்கின்றன. சக்தி தீரத் தீர ஊதா நிறமாக மாறும் சாயம் சேர்த்திருப்பார்கள். காலையில் தியேட்டருக்குள் நுழையும் பி.ஜி. மாணவர் முதலில் பார்க்க வேண்டியவற்றில் அந்த நிறமும் ஒன்று.

செலவைக் குறைக்கப் பிறந்த இந்தக் குப்பி, சில ஆண்டுகளில் வேறொரு கதவைத் திறந்தது. டொரொண்டோவில் ஜார்ஜ் லூகாஸ், வேலியன் ஹென்டர்சன் என்ற இருவர் புரொப்பிலீன் என்ற மயக்க வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஏதோ நச்சுக் கலப்பு இருப்பதாகச் சந்தேகம். கலப்பாக இருக்கக்கூடும் என்று கருதிய சைக்ளோபுரொப்பேனைப் பிரித்தெடுத்துப் பூனைக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். குட்டிகள் அமைதியாகத் தூங்கிவிட்டு நலமாக எழுந்தன. சந்தேகப்பட்ட பொருள், மூலப் பொருளைவிட நல்ல மயக்க மருந்து. ஹென்டர்சன் அதைத் தன்மேலேயே சோதித்துக்கொண்டார். 1929-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆனால், வேறொரு மயக்க மருந்தால் அந்நகரில் மரணங்கள் நேர்ந்திருந்ததால், புதிதாக ஒன்றை அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க முடியவில்லை. வேலை மேடிசனுக்கு வந்தது.

சைக்ளோபுரொப்பேன் விலை அதிகம். தீப்பொறி பட்டால் வெடிக்கும். அறைக்குள் திறந்துவிடவே கூடாத வாயு. வாட்டர்ஸின் மூடிய சுற்றும் சுண்ணாம்புக் குப்பியும் இருந்ததால்தான் அதைத் தொட முடிந்தது. அவர் அவசரப்படவில்லை. முதலில் விலங்குகள், பிறகு கவனமாக நோயாளிகள். 1934-ல்தான் ஷ்மிட்டோடு சேர்ந்து மருத்துவ முடிவுகளை வெளியிட்டார். அத்தோடு விடவும் இல்லை. சில நோயாளிகளுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதைத் தலைமாட்டில் கண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் உடலியல் ஆய்வகத்தில் வால்டர் மீக்கும் குழுவினரும் நாய்களில் இதைத் தேடிப்போய், சைக்ளோபுரொப்பேன் இதயத்தை அட்ரினலினுக்கு அளவுமீறிக் கூச்சப்பட வைக்கிறது என்று கண்டறிந்தார்கள். அந்த அறிவு தியேட்டருக்குத் திரும்பி வந்தது: இந்த வாயுவின்போது அட்ரினலின் ஊசி ஆபத்து. ஹாலோத்தேன் என்ற மயக்க மருந்து 1956-ல் புழக்கத்துக்கு வரும்வரை சைக்ளோபுரொப்பேன் உலகெங்கும் நிலைத்திருந்தது.

மேடிசனின் உண்மையான கண்டுபிடிப்பு வாயுவோ குப்பியோ அல்ல, இந்தப் போக்குவரத்துதான் என்பது என் எண்ணம். படுக்கைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே கதவு திறந்தே கிடந்தது. அந்தக் கதவு வழியே மாணவர்கள் தினமும் நடந்தார்கள். பயிற்சி மூன்று ஆண்டு. அறுவைக்கு முன்பே நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்த பின்னும் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மயக்கத்தையும் தாளில் பதிய வேண்டும். அந்தப் பதிவுகளைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றி, இயந்திரத்தால் பிரித்து எண்ணினார்கள். கணினிகள் வருவதற்கு வெகு முன்பே, எந்த மருந்தில் எத்தனை பேருக்கு என்ன சிக்கல் வந்தது என்று அட்டைகளைக் கேட்டுப் பதில் வாங்க முடிந்தது. வாரந்தோறும் கூட்டம். நேர்ந்த சிக்கல்களையும் மரணங்களையும் மறைக்காமல் அங்கே எடுத்து வைக்க வேண்டும்.

அங்கிருந்து கிளம்பியவர்கள் இதே முறையைச் சுமந்துகொண்டு போனார்கள். எமரி ரோவன்ஸ்டைன் 1935-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக்குப் போய்ப் புதிய பிரிவு தொடங்கினார். சுவீடனிலிருந்து வந்து பயின்ற டோர்ஸ்டன் கோர்டு, திரும்பிப் போய்த் தன் நாட்டில் மயக்கவியலுக்கு அடித்தளம் போட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் 1937-ல் ஐரோப்பாவின் முதல் மயக்கவியல் பேராசிரியரான ராபர்ட் மக்கின்டோஷும் மேடிசன் வந்து பார்த்துப் போனவர். குரல்வளையைக் காண நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் வளைந்த மக்கின்டோஷ் பிளேடு அவர் பெயரைத் தாங்குவது. நம்மூர் தியேட்டர் டிராலிகளிலும் அது இருக்கும்.

1937-ல் ஆறு மாதம் அங்கே படித்தவர்களில் வர்ஜீனியா அப்கார் ஒருவர். அறுவை மருத்துவம் பயின்று முடித்த பெண். அத்துறையில் ஒரு பெண்ணுக்குப் பிழைப்பு கிடைக்காது என்று அவருடைய தலைவரே அவரை மயக்கவியல் பக்கம் திருப்பியிருந்தார். மேடிசனில் பெண் பயிற்சி மருத்துவருக்கென்று தங்குமிடம் இல்லாததால் இடம் மாறி மாறித் தங்க வேண்டியிருந்தது. பின்னாளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பிரசவ அறைகளில் மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கவனித்தது தாயை மட்டுமல்ல. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு எல்லாரும் தாயைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நீலம் பாரித்துக் கிடக்கும் சிசு பிழைக்குமா என்று அளக்க முறை ஏதும் இல்லை. இதய வேகம், மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோல் நிறம் என்ற ஐந்தையும் பிறந்த ஒரு நிமிடத்தில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் போடச் சொன்னார். 1953-ல் வெளியான அந்த அப்கார் மதிப்பெண், தமிழ்நாட்டு மகப்பேறு வார்டுகளின் கேஸ் ஷீட்டிலும் எழுதப்படுகிறது. மதிப்பெண் போடுவதற்காகவாவது யாராவது ஒருவர் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். எத்தனை உயிர்களை அந்த ஒரு கட்டாயம் காப்பாற்றியிருக்கும்!

இன்றைய கற்பிக்கும் மருத்துவமனை ஒன்றின் தியேட்டருக்குள் வாருங்கள். ஊசி போடுவதற்கு முன், மூன்று நிமிடம் நோயாளியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது சடங்கு போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்குகிறது. சாதாரணக் காற்றாக இருந்தால் அதில் ஆக்சிஜன் அரை லிட்டர்கூடத் தேறாது. தசை தளர்த்தும் மருந்தால் மூச்சு நின்றால், நிமிடத்துக்கு 250 மில்லி செலவாகும் உடம்புக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஒன்றிரண்டு நிமிடத்தில் நோயாளி நீலமாகிவிடுவார். மூன்று நிமிட மாஸ்க், நுரையீரலில் இருந்த நைட்ரஜனை வெளியேற்றி அந்த இடத்தை ஆக்சிஜனால் நிரப்புகிறது. சேமிப்பு இரண்டு லிட்டரைத் தாண்டுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஏழெட்டு நிமிடம் கையில் இருக்கும். பருமனானவருக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதைவிட மிகக் குறைவு. முதலாண்டு மாணவரின் கை நடுங்காமல் குரல்வளையைத் தேட அவகாசம் தருவது இந்தக் கையிருப்பு.

மருந்து ஏறியதும் அந்த மாணவர் இடது கையால் மாஸ்க்கைப் பிடிக்கிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைகின்றன. மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்குகின்றன. சதையை அழுத்தினால் நாக்கு பின்னே போய் வழி அடைத்துக்கொள்ளும். எலும்பைத்தான் பிடிக்க வேண்டும். வலது கை பையை அமுக்குகிறது. நெஞ்சு உயர்கிறதா, மாஸ்க்குக்குள் ஆவி படிகிறதா, திரையில் கரியமில வாயுவின் அலை மேடு போல எழுந்து தட்டையாகி இறங்குகிறதா என்று மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். பார்க்காமலே கேட்பதற்கும் ஒன்று உண்டு. பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் 'பீப்' ஒலி, இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். முதுகைத் திருப்பி மருந்தை ஊசியில் எடுத்துக்கொண்டிருக்கும் பேராசிரியர், சுருதி அரைப் படி இறங்கியதுமே திரும்பிவிடுவார். உடம்பின் வழியே ஒளியைச் செலுத்தி, நாடித் துடிப்பைக் கொண்டு இதை அளக்கலாம் என்று 1970-களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி.

வாட்டர்ஸின் வாரக் கூட்டத்துக்கும் வாரிசுகள் உண்டு. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், மயக்க மருத்துவர்களை உட்கார வைத்து "எப்போதெல்லாம் நூலிழையில் தப்பினீர்கள்?" என்று கேட்டார். தவிர்த்திருக்கக்கூடிய 359 சம்பவங்களை அலசி 1978-ல் வெளியிட்டார். அவற்றில் 82 சதவீதத்தில் மனிதப் பிழை இருந்தது. குழாய் இணைப்பு கழன்றது, மருந்து ஊசி மாறியது, வாயுத் திருகு தவறான பக்கம் திரும்பியது. இயந்திரத்தையும் பயிற்சியையும் இதற்கேற்ப மாற்றினார்கள். இணைப்பு கழன்றால் அலறும் மணி வந்தது. ஆக்சிஜன் சேராமல் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு மட்டும் போக முடியாதபடி பூட்டு வந்தது. 1980-களில் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா, மூச்சுவிடும் பொம்மை நோயாளியை வைத்து மாணவர்களுக்கு நெருக்கடிகளைப் பழக்கினார். வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடிய ஆபத்தைப் பொம்மையிடம் பத்து முறை சந்தித்துவிட்டு நோயாளியிடம் போகலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய கேள்வி நிற்கிறது: சுயநினைவு எப்படிப் போகிறது, முழுக்கப் போகிறதா? கிளாட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டில் தொட்டாற்சிணுங்கிச் செடியைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஈத்தர் ஆவி கொடுத்தார். செடி தொட்டாலும் சுருங்கவில்லை. மூளையே இல்லாத செடியும் மயங்குகிறது. பல காலம், மயக்க மருந்துகள் உயிரணுச் சவ்வின் கொழுப்பில் கரைந்து வேலை செய்கின்றன என்று நினைத்தார்கள். 1984-ல் லண்டனில் நிக்கோலஸ் ஃபிராங்க்சும் வில்லியம் லீபும், மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான புரதத்தைத் தனியே எடுத்து, கொழுப்பே இல்லாத கரைசலில் மயக்க மருந்தைக் கலந்தார்கள். ஒளி மங்கியது. அதுவும் மனிதரை மயக்கும் அதே செறிவில். அதன்பின் தேடல் மூளையின் புரதங்களை நோக்கித் திரும்பியது.

சுயநினைவு முழுக்கப் போகிறதா என்பதைச் சோதிக்கும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தசை தளர்த்தும் மருந்து கொடுக்கும் முன், ஒரு முன்கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுகக் கட்டி ஊதிவிடுவார்கள். மருந்து அந்தக் கைக்குள் நுழையாது. உடம்பு முழுவதும் அசைவற்றுப் போனாலும் அந்தக் கை அசையலாம். பிறகு காதருகே குனிந்து, "கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்பார்கள். மேடிசன் மயக்கவியல் துறையிலிருந்த ராபர்ட் சாண்டர்ஸும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ட்யூப் போட்ட பின் இப்படிக் கேட்கப்பட்ட 260 பேரில் 12 பேர் கையை அழுத்தினார்கள். அவர்களில் ஐந்து பேர் வலியையும் தெரிவித்தார்கள். விழித்த பின் விசாரித்தபோது யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை. அப்படியானால் அந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? மயக்க மருந்து நினைவில் பதிவதை மிகச் சிறிய அளவிலேயே தடுத்துவிடுகிறது; அனுபவிப்பதைத் தடுக்கக் கூடுதல் அளவு வேண்டும். மறந்துபோன வலி வலியில்லையா என்ற கேள்வியை இந்தத் துறை தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்கிறது. அதற்காகவே இதன்மேல் எனக்கு மதிப்பு.

நினைவில் தங்கிவிடுவதும் அரிதாக உண்டு. பிரிட்டனில் 2014-ல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பில், முழு மயக்கத்தின்போது விழிப்பிருந்ததாகத் தாமாக வந்து சொன்னவர்கள் ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர். ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர் ஆமாம் என்றிருக்கிறார்கள். கேட்டால்தான் சொல்கிறார்கள். அதனால் அறுவைக்கு மறுநாள் வார்டு ரவுண்ட்ஸ் வரும் பயிற்சி மருத்துவர் கேட்கும்படி ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. 1970-ல் பிரைஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் வகுத்தது. தூங்குமுன் கடைசியாக என்ன நினைவிருக்கிறது? எழுந்ததும் முதலில் என்ன நினைவிருக்கிறது? நடுவில் ஏதாவது? கனவு வந்ததா? எது மிகவும் கஷ்டமாக இருந்தது? உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ இதைக் கேட்டால் அவசரமில்லாமல் பதில் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால், நினைவில் ஏதாவது தங்கியிருந்தால், நீங்களே மயக்க டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பார். உங்களுக்கு அடுத்த மயக்கம் கொடுப்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்.